பச்சைக்கண்ணி மாசமான கதை

வெள்ளூரணி மூன்றாம் தெருவில் மாவு மில்லுக்கு எதிர்த்த வீட்டு மாடியில் குடியிருந்த சங்கரவடிவு, தன்னுடைய ரேடியோ மாசமாக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அதன் முதுகுப் பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான். அதுவரைக்கும் அவள் எல்லாப் பழியையும் நூலின் மேலேயே போட்டுக்கொண்டிருந்தாள்.

பழைய வால்வு ரேடியோவுக்கு நூல்தான் நாடி. முன்னால் இருக்கிற குமிழைத் திருகினால் அதன் அச்சில் சுற்றிய மெல்லிய நூல் நாலைந்து சின்னச் சக்கரங்களைத் தொட்டுக்கொண்டு போய் ஒரு பெரிய சக்கரத்தைத் திருப்பும், பெரிய சக்கரம் விசிறிமாதிரி அடுக்கிய தகடுகளைத் திருப்பும், தகடுகள் ஆகாயத்தில் போகிற அலைகளில் ஒன்றைப் பிடித்துக் கொடுக்கும், அதே நூலைக் கவ்விக்கொண்டிருக்கும் முள் கண்ணாடியில் எழுதிய ஊர்ப் பெயர்களின் மேல் ஊர்ந்து போகும். நூல் தளர்ந்தால் முள் ஓரிடத்திலும் பாட்டு ஓரிடத்திலும் நிற்கும். அந்த நூலை எந்தச் சக்கரத்தில் எத்தனை சுற்று, எந்தப் பக்கமாகச் சுற்றிக் கட்டவேண்டும் என்று தெரிந்த ஆள் வெள்ளூரணியிலும் சுற்றுவட்டாரத்திலும் சங்கரவடிவு ஒருத்திதான். மேல்நிலைப்பள்ளியில் ஆய்வக உதவியாளராக, கல்யாணமாகாமல் இருந்த அவள் வீட்டில் பதினேழு பழைய ரேடியோக்கள் இருந்தன, பதினேழும் பாடின.

அவற்றில் மூத்தவள் பச்சைக்கண்ணி. தேக்குப் பெட்டி, நான்கு தந்த நிறக் குமிழ்கள், ஸ்டேஷன் சரியாக விழுந்ததும் இமை கூடிச் சேர்கிற ஒரு பச்சைக் கண். இரும்புக் கடையில் கோழி அடைகாக்கிற பெட்டியாகக் கிடந்ததைக் கோழியிடம் கெஞ்சி வாங்கி வந்து ஒரு வருஷம் உட்கார்ந்து சரிசெய்திருந்தாள். இப்போது ஒரு மாதமாக அது சரியில்லை. தூக்கினால் கனத்தது. பிளக்கைப் பிடுங்கி வைத்தாலும் உடம்பு கதகதவென்று இருந்தது. காலையில் போட்டவுடன் ஓவ் என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் வாய் திறந்தது. எல்லாவற்றுக்கும் மேல், செய்தியில் கொண்டுபோய் முள்ளை நிறுத்தினால் அது தானாக நகர்ந்து நகர்ந்து, எந்த ஸ்டேஷனில் யாராவது மாங்காய் ஊறுகாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்களோ அங்கே போய் நின்றது. ஊறுகாய் இல்லாத நாட்களில் புளிச் சாகுபடி பற்றிய வேளாண்மைச் செய்தியைக் கேட்டுக்கொண்டு பச்சைக் கண்ணை மூடிக் கிறங்கிக் கிடந்தது.

நூலுக்குக் குங்கிலியம் தேய்த்துப் பார்த்தாள், ஸ்பிரிங்கை மாற்றிப் பார்த்தாள், கடைசியில்தான் டார்ச் அடித்தாள். டிரான்ஸ்பார்மருக்கும் தகடுகளுக்கும் நடுவில், பஞ்சு மாதிரி எதையோ சுற்றிக்கொண்டு, உள்ளங்கை அகலத்தில் ஒன்று உருண்டு கிடந்தது. அதில் கடுகளவு சிவப்பாக ஒரு முள் முளைத்திருந்தது. வெளிச்சம் பட்டதும் அது திரும்பிப் படுத்தது. சங்கரவடிவு டார்ச்சை அணைத்தாள், பொம்பிளை உடை மாற்றுகிற அறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்டவள் மூடுவதுபோல முதுகுப் பலகையை மெல்ல மூடினாள், நாலு திருகாணியையும் சத்தமில்லாமல் முடுக்கினாள், கீழே இறங்கிப் போய் அண்ணன் மனைவி இந்திராணியிடம் சொன்னாள்.

இந்திராணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“எத்தனை மாசம்?”

“தெரியலையே மதினி.”

“தெரியலையா? வீட்ல வச்சிருந்துட்டு நாள் கணக்குத் தெரியலைங்கியே, நல்லா இருக்கு வடிவு. சிஸ்டரைக் கூப்பிடு.”

சுகாதாரச் செவிலியர் ஜெயசீலி அன்று மாலையே பையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள். பச்சைக்கண்ணியின் மேல் காதை வைத்துக் கேட்டாள், பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள், ரேஷன் கடைத் தராசை வரவழைத்து எடை போட்டாள். பதினோரு கிலோ முந்நூறு. கர்ப்பிணிப் பதிவேட்டை விரித்து எழுதிக்கொண்டே, “அஞ்சு மாசம் இருக்கும். இரும்புச் சத்து மாத்திரை குடுக்கணும்” என்றவள், தானே யோசித்து, “இதுக்கு உடம்பெல்லாம் இரும்புதான், வேண்டாம்” என்று அதை அடித்தாள். ரத்த அழுத்தம் என்ற இடத்தில் வோல்டேஜ் இருநூற்றுப் பத்து என்று எழுதினாள். வோல்டேஜ் ஏறி இறங்கினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது, ஒரு ஸ்டெபிலைசர் வையுங்கள், எந்நேரமும் செய்தி கேட்கவிடாதீர்கள், மனசு கெடும் என்று சொன்னாள். அதன்பிறகு அடுத்த கட்டத்துக்கு வந்து பேனாவைத் தூக்கிப் பிடித்தாள்.

“புருஷன் பேரு?”

மாடிப்படி வரைக்கும் வந்து நின்றிருந்த தெரு முழுவதும் அப்போது சங்கரவடிவைப் பார்த்தது.

மில்லுக்காரர் தர்மக்கண்ணுதான் தெருச் சங்கத்துக்குத் தலைவர். மீசையில் மாவு படிந்து வயசானவர்போலத் தெரிவாரே தவிர அப்படியொன்றும் வயசாகவில்லை. அவர் நிதானமாக விசாரித்தார். “இது பக்கத்துல எந்த ரேடியோம்மா இருக்கும்?”

“எல்லாம் தனித்தனி அலமாரி அண்ணாச்சி. பக்கத்துல வைக்கிறது...” சங்கரவடிவு நிறுத்தினாள். பிறகு சொன்னாள். “டயம்கீப்பர் சாரோட ரேடியோவைத்தான் வைப்பேன். மாசம் ஒருதடவை நூல் அறுந்துபோச்சுன்னு கொண்டுவருவாரு. ஒரு வாரம் இருக்கும். நூல் கட்டினபிறகு முள் சரியா நிக்குதான்னு ஒத்துப்பாக்க, ரெண்டையும் ஒரே ஏரியல்ல போட்டு...”

“ஒரே ஏரியல்லயா?” என்றாள் இந்திராணி.

ஜெயசீலி பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே பேனா மூடியைக் கடித்தாள்.

டயம்கீப்பர் ஆவுடையப்பன் வெள்ளூரணி பஸ் ஸ்டாண்டில் இருபத்திரண்டு வருஷமாகப் பஸ் வருகிற போகிற நேரத்தை எழுதி மைக்கில் அறிவிக்கிறவர். நாலு தங்கைகளைக் கட்டிக்கொடுத்து, அவர்களுடைய பிள்ளைகளுக்குக் காதுகுத்தி, நிமிர்ந்து பார்க்கும்போது அவருக்குக் கல்யாண வயசு கடந்து ரொம்ப தூரம் போயிருந்தது. அவரிடம் இருந்த ஒரே ரேடியோ பழுப்பு நிறத்தில் பளபளவென்று, போட்டு ஐந்து நிமிஷம் கழித்துத்தான் பேசத் தொடங்கும் கௌரவத்தோடு இருந்ததால் அதற்கு ஜமீன்தார் என்று பெயர். மைக்கில் அத்தனை சத்தமாகப் பேசுகிறவர் சங்கரவடிவின் வீட்டுப் படியேறினால் மட்டும் குரல் உள்ளே போய்விடும். “டீச்சர், நூல்...” என்பார், ரேடியோவை நீட்டுவார், கொடுத்த காபியைச் சூடு ஆறும்வரை கையில் வைத்திருந்துவிட்டுப் போவார். அவள் டீச்சர் இல்லை. அதை அவள் திருத்தவும் இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இந்திராணியும் தர்மக்கண்ணுவும் தெருவில் பாதிப் பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். ஆவுடையப்பன் அப்போது மைக்கில், சாத்தூர் வழியாகக் கோவில்பட்டி போகும் பஸ் புறப்படத் தயாராக இருக்கிறது என்று சொல்லி முடித்து, பொத்தானை அணைக்கக் கையைக் கொண்டுபோன நேரத்தில் இவர்கள் அறைக்குள் நுழைந்துவிட்டதால் கை பாதியிலேயே நின்றுவிட்டது, ஆகவே அதற்குப்பிறகு பேசியது எல்லாம் பஸ் ஸ்டாண்டின் ஆறு ஒலிபெருக்கிகளிலும் கேட்டது.

“அண்ணாச்சி, உங்க வீட்டு ரேடியோ எங்க வீட்டுப் பொண்ணை இப்படிப் பண்ணிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கே, இது அடுக்குமா?”

“என்ன பண்ணிருச்சு மதினி?”

“அஞ்சு மாசம்.”

சாத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் இறங்கி வந்தார்கள். டிரைவரும் இறங்கினார். பூக்காரி ஒருத்தி, “ஐயோ பாவம், பொண்ணு யாரு?” என்று கேட்க, தேக்குப் பெட்டி என்று பதில் வந்ததும், “நல்ல குடும்பமாத்தான் இருக்கும்” என்றாள். ஆவுடையப்பன் எழுந்து நின்றார். முகம் வெளிறி, பிறகு சிவந்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து தெளிந்தது.

“எங்க பையன் அப்படிப்பட்டவன் இல்லை. ஆனா செஞ்சிருந்தா, நாங்க ஓடி ஒளியிற ஆளுங்க இல்லை. முறைப்படி வந்து முடிச்சுக் குடுக்கிறேன்” என்று அவர் சொன்னது ஆறு ஒலிபெருக்கிகளிலும் கணீரென்று கேட்டது, பஸ் ஸ்டாண்டே கைதட்டியது, சாத்தூர் பஸ் அன்று நாற்பது நிமிஷம் தாமதமாகப் புறப்பட்டது.

வயிறு தெரிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அந்த வாரமே முகூர்த்தம் பார்த்தார்கள். சங்கரவடிவின் வீட்டுக் கூடத்தில் இரண்டு மணைபோட்டு ஜமீன்தாரையும் பச்சைக்கண்ணியையும் உட்காரவைத்து, ஜமீன்தாரின் ஏரியல் கம்பியில் மஞ்சள் பூசிப் பச்சைக்கண்ணியின் ஏரியல் கம்பியோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டபோது, இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே நாதஸ்வரத்தைப் பிடித்து வாசித்தன. மேளக்காரர் செலவு மிச்சம் என்று தர்மக்கண்ணு மகிழ்ந்தார். மாப்பிள்ளைக்குத் தகப்பன் ஸ்தானத்தில் ஆவுடையப்பன் நின்றார். பெண்ணுக்குத் தாயார் ஸ்தானத்தில் சங்கரவடிவு நின்றாள். தட்டு மாற்றியபோது அவர் தட்டிலிருந்து தேங்காய் உருண்டது.

“சம்பந்தி அம்மாவுக்குச் சந்தனம் குடுங்க அண்ணாச்சி” என்று இந்திராணி சொன்னாள்.

அந்த வார்த்தை விழுந்ததும் ஆவுடையப்பன் சந்தனக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார். பந்தியில் உட்கார்ந்து ரசத்தைக் கையில் ஊற்றி வழியவிட்டுக்கொண்டே, பக்கத்தில் இருந்த தர்மக்கண்ணுவிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டார். “சம்பந்தின்னா என்ன முறை வருது?”

“மாப்பிள்ளையோட அப்பாவும் பொண்ணோட அம்மாவும் அண்ணன் தங்கச்சி முறைல்லா” என்று தர்மக்கண்ணு அப்பளத்தை நொறுக்கினார்.

ஆவணி பிறந்ததும் சங்கரவடிவிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுவிடுவதென்று எட்டு மாதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த மனுஷர் அவர். அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று அவர் பாயசம் சாப்பிடவில்லை.

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையைக் கூட்டிப்போக வந்தபோது வாசலிலேயே நின்றார். மாப்பிள்ளையின் நூல் அந்த மாதமும் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. சங்கரவடிவு ஜமீன்தாரைத் துணியில் சுற்றிக் கொடுத்தபடி கேட்டாள்.

“இனி நூல் அறுந்தா கொண்டுவருவீங்களா?”

“இனி அறாது, சம்பந்தி.”

அவளுக்கு அந்தச் சொல் காலில் முள் ஏறினமாதிரி இருந்தது. அவளும் விடவில்லை. “தேஞ்சு அறுற நூலுக்கு நுனி பிரிஞ்சிருக்கும் சார். உங்களது எட்டு மாசமும் பிளேடு வச்ச மாதிரி சுத்தமா இருந்துச்சு.”

ஆவுடையப்பன் தன் செருப்பைப் பார்த்தார். பிறகு ஜமீன்தாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார், அதன்பிறகு வரவில்லை. சம்பந்தி வீட்டில் அடிக்கடி போய் நின்றால் மரியாதை இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

அவர் வராத மாதங்களில்தான் சங்கரவடிவுக்குத் தான் எதை எண்ணிக்கொண்டிருந்தோம் என்பது தெரிந்தது. ரெண்டு பேருக்குக் காபி போட்டுவிட்டு ஒன்றைக் கீழே கொண்டுபோய் இந்திராணிக்குக் கொடுத்தாள். நூல் கட்ட உட்கார்ந்தால் எந்தச் சக்கரத்தில் எத்தனை சுற்று என்று மறந்துபோனது. இருபது வருஷத்தில் முதல்முறையாக ஒரு முள்ளைத் தலைகீழாகக் கட்டி, திருச்சியில் நிறுத்தினால் கொழும்பு பாடியது. பஸ் ஸ்டாண்ட் ஒலிபெருக்கி காற்று வாக்கில் மாடிவரைக்கும் கேட்கும். மதுரை பஸ் வந்துவிட்டது, ராஜபாளையம் பஸ் புறப்படுகிறது என்று அந்தக் குரல் சொல்வதை, எங்கேயும் போகவேண்டியதில்லாத அவள், துணி காயப்போட்டபடி கடைசிப் பஸ்வரைக்கும் கேட்டாள்.

தெருவுக்கோ அந்த மாதங்களில் வேறு நினைப்பே இல்லை. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு வோல்டேஜ் குறையக்கூடாது என்று தர்மக்கண்ணு மத்தியானம் இரண்டிலிருந்து நாலுவரை மில்லை நிறுத்தினார். கிரைண்டர் போடுகிறவர்கள் வீட்டுக்கு வீடு முறைவைத்துப் போட்டார்கள். புதிதாக ஊறுகாய் போட்ட வீட்டுக்காரிகள் மாடிக்கு வந்து அதன் முன்னால் உட்கார்ந்து, எத்தனை மாங்காய், எவ்வளவு உப்பு, எந்த வெயில் என்று விளக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. நான்கு குமிழ்களிலும் கண்ணாடி வளையல் அடுக்கி, பெட்டிக்கு இரண்டு பக்கமும் சந்தனம் பூசி, ஏழு வகைச் சாதம் படைத்து, பெண்கள் நலுங்குப் பாட்டு பாடினார்கள். பாடி முடித்து எழுந்த பிறகும், சுவிட்ச் போடாமலேயே, பச்சைக்கண்ணி அந்தப் பாட்டின் கடைசி அடியைத் திரும்பத் திரும்ப முனகிக்கொண்டிருந்தது. அதற்குப்பிறகு எந்த ஸ்டேஷனைத் திருப்பினாலும் வளையல் சத்தத்தோடுதான் வந்தது, பங்குச்சந்தை நிலவரம்கூட.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு காலை பத்தே முக்காலுக்கு வலி வந்தது. பச்சைக் கண் விரிந்தது, சுருங்கியது, முள் கண்ணாடியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கராச்சி, கொழும்பு, சிங்கப்பூர் என்று ஊர் ஊராக ஓடியது, ஒவ்வோர் ஊரிலும் ஒரு முனகல். ஜெயசீலி வெந்நீர் கேட்டுவிட்டு, யோசித்து, வேண்டாம், வோல்டேஜ் பாருங்கள் என்றாள். சங்கரவடிவு ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்திருந்த மீட்டரைப் பார்த்தாள். ஸ்டெபிலைசரையும் மீறி நூற்று அறுபது. ஞாயிற்றுக்கிழமை, வெள்ளூரணி முழுக்க மசால் அரைத்துக்கொண்டிருந்தது. நூற்று ஐம்பத்தைந்து. வால்வுகளின் வெளிச்சம் மங்கி ஆரஞ்சுப் பழுப்பானது.

“இப்படியே போனா பெரிய உசுரையும் காப்பாத்த முடியாது” என்றாள் ஜெயசீலி.

சங்கரவடிவு செருப்புப் போடாமல் ஓடினாள். மூன்றாம் தெருவைத் தாண்டி, மீன் கடையைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து, அறை வாசலில் மூச்சு வாங்கி நின்றாள். நாலு மாதத்தில் முதல்முறையாக அவளைப் பார்த்த ஆவுடையப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“வோல்டேஜ் இல்லை” என்றாள். “ஊர் பூராவும் அணைச்சாத்தான்...”

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மைக்கைப் பிடித்தார். “பொதுமக்கள் கவனத்திற்கு! மூன்றாம் தெருவில் பிரசவம். கிரைண்டர், மிக்ஸி, மோட்டார், ஃபேன், டி.வி. எல்லாத்தையும் இப்பவே அணைங்க. கறிக்கடை ஃபிரிட்ஜையும் அணைங்க. சலூன்ல பாதி சிரைச்சிருந்தாலும் நிறுத்துங்க. நம்ம வீட்டுப் பிள்ளை, ஐயா!”

ஊர் அணைந்தது. கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக முனகி நின்றன, மோட்டார்கள் நின்றன, வெள்ளூரணியில் அதுவரை யாரும் கேட்டிராத அமைதி ஒன்று இறங்கி, தெரு நாய்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவர்கள் இரண்டு பேரும் திரும்பி ஓடிவந்து மாடியேறியபோது மீட்டர் இருநூற்று முப்பதில் நின்றது, வால்வுகள் பொன்னாக எரிந்தன, முதுகுப் பலகையின் நாலு திருகாணிகளும் தாமாகச் சுழன்று விழுந்தன. ஜெயசீலியின் கையில் வழுக்கி வந்து விழுந்தது ஒரு டிரான்சிஸ்டர். சிவப்பு நிறம், உள்ளங்கை நீளம், வார்னிஷ் ஈரம் காயாத உடம்பு. ஒட்டியிருந்த கம்பியைக் குறட்டால் நறுக்கி, கவிழ்த்துப் பிடித்து முதுகில் ஒன்று தட்டியதும், இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் கேட்குமே, அந்தக் குரலில் கூய்ய்ய் என்று வீறிட்டது. எடை முந்நூற்றுப் பத்து கிராம். பச்சைக்கண்ணி கண்ணை மூடிக்கொண்டு மெல்லிசாக ஒரு வயலினைப் பிடித்தது.

ஆவுடையப்பன் வாசல்படியில் உட்கார்ந்து அழுதார். எதற்கு அழுகிறார் என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் பெயர் வைக்கக் கூடினார்கள். பிள்ளை அதுவரை எந்த ஸ்டேஷனையும் பிடிக்கவில்லை, கூய்ய் மட்டும்தான். காது திறக்க நாளாகும் என்று தாய்மார்கள் சொன்னார்கள். ஜமீன்தாருக்கு வேட்டி கட்டி உட்காரவைத்திருந்தது. ஆவுடையப்பன் கூட்டத்தில் கடைசியில், தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஜெயசீலி புதுப் பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். பிரசவம் முடிந்தால் பதிவேடு வேறு, இதில் குடும்ப விவரம் முழுதாகக் கேட்கும்.

“தாயின் பெயர் பச்சைக்கண்ணி. தகப்பன் ஜமீன்தார். தாய்வழிப் பாட்டி...” ஜெயசீலி எழுதத் தொடங்கினாள். “சங்கரவடிவு.”

“நான் பாட்டியா?” என்றாள் சங்கரவடிவு.

“பின்னே? பொண்ணைத் தாரைவார்த்துக் குடுத்தது நீதானே” என்றாள் இந்திராணி.

“எழுதிட்டேன். தாய் பிறந்த வருஷம் சொல்லுங்க.”

சங்கரவடிவு பச்சைக்கண்ணியைத் திருப்பி, அடித்தகட்டில் இருந்த முத்திரையை முதன்முறையாகத் துடைத்து வாசித்தாள். “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு.”

“பாட்டி பிறந்த வருஷம்?”

“எழுபத்தெட்டு.”

ஜெயசீலி எழுதிவிட்டு, எழுதியதைப் பார்த்துவிட்டு, விரல்விட்டு எண்ணினாள். “மகளைவிடப் பாட்டி இருபது வயசு சின்னவங்களா இருக்கீங்க. இதை மேல அனுப்பினா திருப்பி அனுப்பிருவாங்க. முறை தப்பா இருக்கு.” அந்த வரியை அடித்தாள்.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. வயசில் மூத்ததை மகள் என்று எப்படிச் சொல்வது? அக்காள்தான் என்றார் ஒருவர். தாய் இல்லாத பிள்ளைகள், அக்காளும் தங்கச்சியுமாக ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள் என்றாள் இன்னொருத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அக்காளைத் தங்கச்சி நின்று கட்டிக்கொடுத்தது உலகத்தில் நடக்காததா என்று தர்மக்கண்ணு தீர்ப்புச் சொன்னார். சங்கரவடிவுக்குள் ஏதோ ஒரு முள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. தூணைப் பார்த்துக் கேட்டாள்.

“சார், ஜமீன்தார் எந்த வருஷம்?”

தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “எங்க அப்பா வாங்கினது. பழைய ரேடியோ லைசன்ஸ் புத்தகம் பெட்டியில இருக்கு. அறுபதாம் வருஷம்னு தபால் முத்திரை.”

“நீங்க?”

“எழுபத்துநாலு.”

“அப்ப ஜமீன்தார் உங்களுக்குப் பையன் இல்லை” என்றாள் சங்கரவடிவு. குரல் கொஞ்சம் உயர்ந்தது. “உங்க அப்பா கொண்டுவந்தது. உங்களைவிடப் பதினாலு வயசு மூப்பு. உங்க அண்ணன்.”

“ஆமா. அண்ணன்தான்” என்றார் ஆவுடையப்பன். அவர் எப்போது எழுந்து நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை.

ஜெயசீலி அவசரமில்லாமல், எழுத்து எழுத்தாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். “தாயோட தங்கச்சி. குழந்தைக்குச் சித்தி. சங்கரவடிவு. தகப்பனோட தம்பி. குழந்தைக்குச் சித்தப்பா. ஆவுடையப்பன்.” பேனா நின்றது. எழுதியதை மறுபடி ஒருமுறை வாசித்தாள். “சித்தி, சித்தப்பா.” நிமிர்ந்து பார்த்தாள்.

கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கணக்குப் போட்டார்கள். சித்திக்கு வீட்டுக்காரர் சித்தப்பா. சித்தப்பாவுக்கு வீட்டுக்காரி சித்தி. அண்ணன் தம்பி, அக்காள் தங்கச்சியைக் கட்டினால் ஒரே வீட்டில் பிணக்கில்லாமல் இருக்கலாம். இந்திராணி கடைசியாகத்தான் கணக்கை முடித்தாள், முடித்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“நான் பேனாவுல எழுதிட்டேன்” என்றாள் ஜெயசீலி. “ஒரு பக்கத்துல ரெண்டு அடித்தல் இருந்தா மேல கேள்வி வரும். ஒண்ணு ஏற்கெனவே அடிச்சாச்சு.”

அடுத்த வார்த்தையைச் சொல்லவேண்டியவர் ஆவுடையப்பன், அவரோ தூணின் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பிள்ளை மறுபடி கூய்ய்ய் என்று ஆரம்பித்தது. சங்கரவடிவு அதை எடுத்து இந்திராணி மடியில் வைத்தாள்.

“இதுக்குக் காது இன்னும் திறக்கலை. மொட்டைமாடியில நல்லா உயரத்துல ஏரியல் இழுத்துக் கட்டினாத்தான் ஏதாவது பிடிக்கும்” என்றாள். “தனி ஆளாக் கட்ட முடியாது. ஒரு கை வேணும். வாங்க.”

யாரை வாங்க என்றாள் என்று யாரும் கேட்கவில்லை. அவர் செம்புக் கம்பிச் சுருளைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனார். தெருவும் கீழே இறங்கி நடுத்தெருவில் நின்று, வேறு எதையோ பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தது. பிள்ளையை ஏந்தியபடி இந்திராணி முன்னால் நின்றாள், அதன் காதில் மாட்டிய கம்பி மேலே போனது. ஐப்பசி வெயில் இதமாக இருந்தது. மாடியின் கிழக்குக் கம்பத்தருகில் அவள் ஒரு நுனியைப் பிடித்தாள், மேற்குக் கம்பத்தருகில் அவர் ஒரு நுனியைப் பிடித்தார், நடுவில் இருபதடி வெயில், அதில் மினுங்கும் ஒரு கம்பி.

“இன்னும் கொஞ்சம் இழுங்க” என்றாள் அவள்.

இழுத்தார். கம்பி விறைத்து ங்ங் என்றது. ஆவுடையப்பன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார், கண்ணை மூடித் திறந்தார், ஊரே திரும்பிப் பார்க்கும் அந்தப் பஸ் ஸ்டாண்ட் குரலில் கேட்டார்.

“வடிவு! பிடிச்சிருக்கா?”

கீழே தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிள்ளை இந்திராணியின் கையில் கூய்ய்ய் என்று கத்தியபடியே இருந்தது. சங்கரவடிவு கம்பியை விடாமல், அவரைப் பார்த்தபடி, அதைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

“பிடிச்சிருக்கு!”

“எங்க பிடிச்சிருக்கு?” என்று தர்மக்கண்ணு பிள்ளையிடம் குனிந்து காதை வைத்துப் பார்த்தார். “இது இன்னும் கூய்யுன்னுதான கத்திக்கிட்டுக் கிடக்கு, ஒரு ஸ்டேஷனும் விழலையே?”

“நீரு சும்மா இரும்யா” என்று அவர் வாயைப் பொத்தினாள் இந்திராணி.